யார் சுத்தியல்டா பக்கத்துல?

முசிறியிலிருந்து மேற்கே, திருஈங்கோய்மலை போகும் சாலையோரம் வேன் நிற்கிறது. ஜியாலஜி மாணவர்கள் தடதடவென்று இறங்குகிறார்கள், கூடவே நாமும். ஜியாலஜி மேப்பில் அச்சாகும் எண்கள் பிறக்கிற இடத்தைப் பார்க்க எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா!

வேனுக்குள் எட்டிப் பாருங்கள். சாம்பிள் பை, சுத்தியல், புளியோதரைப் பொட்டலம், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. நடுவே தோல் உறைக்குள் பிரண்டன் காம்பஸ். டேவிட் பிரண்டன் என்ற சுரங்கப் பொறியாளர் 1894-இல் காப்புரிமை வாங்கிய கருவி, உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. மூடியைத் திறந்தால் கண்ணாடி! முதல் வேலையாக ஒரு மாணவி அதில் பொட்டைச் சரிசெய்கிறாள். சார் பார்த்தும் பாராதவராய்த் திரும்பிக்கொள்கிறார்.

பாறைக்குப் பெயர் நைஸ். வெள்ளையும் கறுப்புமாய் வரிவரியாக, முசிறிக் கோரைப்பாயை விரித்த மாதிரி. பூமிக்கு அடியில் வெந்து நசுங்கியதில் விழுந்த வரிகள். அவை ஓடும் திசை ஸ்ட்ரைக், சாய்வு டிப்.

"தண்ணி ஊத்துப்பா" என்கிறார் சார். வரியோடு பிளந்த பரப்பில் பாட்டில் தண்ணீர் சரசரவென வழிகிறது. அது ஓடிய பக்கம்தான் டிப்பின் திசை. அதற்குக் குறுக்கே சாக்பீஸ் கோடு, ஸ்ட்ரைக். மேடுபள்ளம் தட்டாமலிருக்க நோட்டைப் பாறைமேல் சாத்தி, காம்பஸ் விளிம்பை அதில் ஒட்டி, ரசமட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை ஒரு பையன் மூச்சைப் பிடிக்கிறான். மூக்கு நுனி வியர்வை டயலிலேயே சொட்டுகிறது.

முள் நிலைகொள்ளவில்லை. "டேய், யார் சுத்தியல்டா பக்கத்துல?" பின்னால் நின்றவன் ஓட்டம் பிடிக்கிறான். இரும்பு கிட்டே வந்தால் முள் இழுபட்டுவிடும். செல்போனுக்கும் அதே விரட்டல்தான்.

டயலைக் கவனித்தீர்களா? கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருக்கின்றன! அச்சுப்பிழை இல்லை. நாம் கருவியைத் திருப்பினாலும் முள் வடக்கையே பார்த்து நிற்கும்; எழுத்துகள் இப்படி மாறியிருந்தால்தான் முள் காட்டும் இடத்தில் திசையை நேராகப் படிக்கலாம்.

பையன் ஒரு ரீடிங் சொல்ல, பொட்டுக்காரி வேறொன்று சொல்ல, பெரிய சண்டை. "இன்னொரு தடவை எடுங்க" என்கிறார் சார். அதற்குள் புளியோதரை வாசம் பாறை வரைக்கும் வந்துவிடுகிறது.

இத்தனை வியர்வையும் கடைசியில் மேப்பில் ஒரு சின்னக் கோடாகவும் பக்கத்தில் ஒரு எண்ணாகவும் முடியும். அந்தப் பக்கம் போகும்போது பாறைமேல் குனிந்திருக்கும் பிள்ளைகளைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். காம்பஸைக் கேட்டு வாங்கி, ஒரு ரீடிங் நீங்களும் எடுத்துப் பாருங்கள்.