"இயற்கை" என்று எழுதியிருந்தால் போதுமா?

வன்னியில் வீட்டு முற்றத்தில் வேம்பு நின்றது. கோடியில் தென்னை நின்றது. தோல் கடித்தால் வேப்பிலையை அவித்துக் குளித்தோம், வெடித்த காலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினோம். இடம்பெயர்ந்து மஸ்கெலியாவுக்கு வந்த பின்னர் நிலைமை வேறு. ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், இந்தக் குளிரில் வேம்பு செழிப்பதில்லை. தென்னை காய்ப்பதும் அரிது. ஆனால் தோலுக்குத் தொல்லை கூடிவிட்டது. பனியிலும் ஈரத்திலும் கொழுந்து பறிக்கும் விரல்கள் வெடிக்கின்றன, முகம் காய்கிறது. முன்பு முற்றத்தில் பறித்ததை இன்று போத்தலிலும் டப்பியிலும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

டப்பியின் மேல் "இயற்கையானது", "மூலிகை", "இரசாயனம் அற்றது" என்று எழுதியிருக்கிறது. படித்த பிள்ளைகளும் இதை நம்பி விடுகிறார்கள். ஆனால் இந்தச் சொற்கள் நமக்கு அதிகம் எதையும் சொல்வதில்லை.

வேப்பெண்ணெய்ச் சவர்க்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணெயில் செய்தாலும் கோஸ்டிக் சோடா சேராமல் சவர்க்காரக் கட்டி உருவாகாது. சரியான அளவில் சேர்த்தால் அந்தச் சோடா எண்ணெயோடு கூடிச் சவர்க்காரமாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும், கையைச் சுடாது. வஸ்லினோ பெற்றோலிய எண்ணெயிலிருந்து வந்தது. அமெரிக்கரான செஸ்புரோ 1872இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நன்கு சுத்திகரித்த வஸ்லின் ஒவ்வாமை தருவது மிகவும் குறைவு. வெடித்த கைக்கு அதைவிட மலிவான காவல் கிடைப்பது கடினம்.

மறுபக்கம் தேசிக்காய். முழுக்க முழுக்க இயற்கை. ஆனால் அதன் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் மலைக்கு ஏறினால் தோல் வெந்து கொப்புளிக்கலாம். கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். நிறம் கூட வேண்டும் என்று பூசியவருக்கு அதுவே கறுப்பாகிவிடும்!

உண்மையில் நாம் அஞ்ச வேண்டியது வெள்ளையாக்கும் கிறீம்களில் சிலவற்றைத்தான். அவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. பாதரசமும் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் பொருளே என்பதை "இயற்கை" பேசுவோர் கவனிக்க வேண்டும். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அதனால் சில வாரங்களில் முகம் வெளுக்கிறது. வாங்கியவருக்கு நம்பிக்கையும் பிறக்கிறது. அதே வேளையில் பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. கருவிலுள்ள குழந்தையையும் அது சென்றடையும். ஒருவர் பூசினாலும், துவாயிலும் தலையணையிலும் ஒட்டுவதாலும் ஆவியாவதாலும் ஒரே காம்பராவில் படுக்கும் பிள்ளைகளுக்கும் அது சேரும். நம் லயத்துக் காம்பராக்களின் அளவை நினைத்துப் பாருங்கள்.

2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனப் பொருட்களை 2020க்குள் நிறுத்தச் சொன்னது. 2023இல் அந்த விலக்கும் நீக்கப்பட்டு, பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் 2025க்குப் பின் கூடாது என்று முடிவானது. இலங்கையும் இதில் ஒப்பமிட்ட நாடு. ஆயினும் இத்தகைய டப்பிகள் எல்லை தாண்டி வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "தங்கம், வெள்ளி, அலுமினியம், இறப்பர் ஆகியவற்றில் படாமல் பாதுகாக்கவும்" என்று உறையில் எச்சரிக்கை இருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம். "கலோமல்" என்ற பெயரும் அதையே குறிக்கும். செய்தவர் பெயரோ பொருட்பட்டியலோ இல்லாத டப்பியை, அதன்மேல் எத்தனை மூலிகைப் படம் இருந்தாலும், வாங்க வேண்டாம். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்பன ஸ்டெரொயிட் மருந்துகள். வைத்தியர் சொல்லாமல் நாட்கணக்கில் முகத்துக்குப் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும்.

கைவெடிப்புக்கு இவை ஒன்றும் தேவையில்லை. வேலை முடிந்ததும் கையைக் கழுவி, ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வஸ்லினோ பூசி, இரவில் பழைய பருத்தித் துணியால் சுற்றிக்கொள்ளலாம். காலைக் குளிரில் எண்ணெய் உறைந்தால் கலப்படம் என்று எண்ண வேண்டாம். சுமார் 24 பாகைக்குக் கீழே நல்ல தேங்காய் எண்ணெய் உறையவே செய்யும்.

வெள்ளையாக்கும் கிறீமை ஏற்கெனவே பூசிவருபவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும், உடனே நிறுத்திவிட்டு டப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் பாதரசம் தெரியவரும். மிஞ்சிய கிறீமை அடுப்பில் போடாதீர்கள். ஆவி வீடெங்கும் பரவும். ஓடையிலும் வீசாதீர்கள். இப்பகுதி ஓடைகள் மவுஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன, அங்கே பிடிக்கும் மீன் நம் சட்டிக்கு வருகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட நோய், ஆலைக் கழிவுப் பாதரசம் மீன் வழியாக மக்களைச் சேர்ந்ததால் வந்ததே. டப்பியை இறுக மூடி, பையில் கட்டி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு ஒப்படையுங்கள்.