நன்றி, தன்னடக்கம், தயவு: மனசு வரும் வரை காத்திருக்கணுமா? கிறிஸ்தவ மரபு சொல்லும் வழி என்ன?

மிசோரமில் பிரெஸ்பிடேரியன் திருச்சபையைச் சேர்ந்த வீடுகளில் சோறு வைக்க அரிசி அளக்கும்போதே ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். ‘புஃபாய் தாம்’ என்று இதற்குப் பெயர். 1910-ல் தொடங்கிய வழக்கம், இன்றும் தொடர்கிறது. சேர்ந்த அரிசியை சபைப் பெண்கள் சேகரிக்கிறார்கள். அதை விற்று வரும் பணம் திருச்சபைப் பணிகளுக்குப் போகிறது. நம்ம தென்மாவட்டங்களிலும் சர்ச்சுக்குப் போகும் பாட்டிகளிடம் ‘கைப்பிடி அரிசி’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிடி அரிசியை எப்போது எடுக்கிறார்கள் என்பதைத்தான். சாப்பிட்டு மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. அன்றைக்கு வீட்டில் சண்டையாக இருக்கலாம், மனசு சரியில்லாமல் இருக்கலாம், கை அதன் வேலையைச் செய்துவிடும். இன்று சோறு இருக்கிறதே என்ற நன்றி, தனக்கு ஒரு பிடி குறைத்துக்கொள்ளும் அடக்கம், முகம் தெரியாத யாருக்கோ அது போகட்டும் என்ற தயவு, மூன்றும் அந்த ஒரு பிடிக்குள் வந்துவிடுகின்றன.

‘நன்றியோட இருங்க, கோபத்தை அடக்குங்க, எல்லார்கிட்டயும் அன்பா இருங்க’ என்று அட்வைஸ் பண்ணாத ஆள் கிடையாது. எப்படி என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் வராது. அந்த ‘எப்படி’க்கு கிறிஸ்தவ மரபில் பதில் இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பதில் உணர்ச்சியைவிட டைம்டேபிளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது.

ஒன்பது குணம், ஒரே கனி

பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 5-ம் அதிகாரத்தில் ஒன்பது குணங்களை அடுக்குகிறார். சர்ச்சுகளில் அதிகம் வாசிக்கப்படும் பழைய தமிழ் பைபிளில் ‘தயவு’, ‘இச்சையடக்கம்’ என்று வருபவை, திருவிவிலியத்தில் ‘பரிவு’, ‘தன்னடக்கம்’ என்று இருக்கும். ஒன்பதையும் சேர்த்து ‘கனி’ என்று ஒருமையில்தான் சொல்கிறார். கோபத்தை அடக்கத் தெரியாதவருக்கு தயவு மட்டும் தனியாகக் காய்க்காது என்று இதை விளக்கும் போதகர்கள் உண்டு. நன்றி இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பவுலின் கடிதங்கள் பெரும்பாலும் நன்றி சொல்லித்தான் தொடங்கும்.

16-ம் நூற்றாண்டு ‘ஹேபிட் டிராக்கர்’

சென்னை லயோலா கல்லூரியின் பெயருக்குச் சொந்தக்காரர் இக்னேஷியஸ் லயோலா. ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521-ல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு காலைப் பதம் பார்க்க, படுக்கையில் கிடந்த நாட்களில் வாழ்க்கையே திசை மாறியது. பிறகு இயேசு சபையைத் தொடங்கிய இவர் எழுதிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548-ல் அச்சானது. அதில் தன்னடக்கத்துக்கு இவர் சொல்லும் முறையைப் படித்தால், நம்ம போனில் இருக்கும் ஆப் ஞாபகம்தான் வரும்.

முதலில், ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் சுள்ளென்று பதில் போடும் பழக்கம். காலையில் எழுந்ததும் ‘இன்று இதில் கவனமாக இருப்பேன்’ என்ற தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலையிலிருந்து மணிக்கு மணி யோசித்து, தவறிய ஒவ்வொரு தடவைக்கும் தாளில் ஒரு புள்ளி. இரவில் அதேபோல இரண்டாவது கோட்டில். ஒரு நாளைக்கு இரண்டு கோடுகள். மதியத்தோடு இரவை, நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தவறிய அந்த நொடியிலேயே நெஞ்சில் கை வைக்கவும் சொல்கிறார். கூட்டத்துக்கு நடுவிலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்று டிப்ஸ் வேறு!

பொதுவாக ஒரு நாளைத் திரும்பிப் பார்க்கும் பயிற்சி ஒன்றும் அதே புத்தகத்தில் உண்டு. அதன் முதல் படி, கிடைத்த நன்மைகளுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்வது. குறைகளைக் கணக்கெடுப்பது அதற்கு அப்புறம்தான். இந்த வரிசை முக்கியம் என்று தோன்றுகிறது. எடுத்த எடுப்பில் தன் தப்புகளை மட்டும் எண்ண உட்கார்ந்தால், நாலாவது நாள் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவோம்.

லெந்து: 40 நாளா, 46 நாளா?

சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் 46 வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. கத்தோலிக்கர்களில் 18 முதல் 59 வயது வரையிலானவர்களுக்கு சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாட்கள்: ஒரு முழுச் சாப்பாடு, தேவைப்பட்டால் இரண்டு சிறு உணவு. நோன்பு, ஜெபம், தர்மம் மூன்றும் சேர்ந்துதான் லெந்து. மிச்சமான காசு உண்டியலுக்குப் போகாவிட்டால் அது வெறும் டயட்.

இப்போது லெந்துக்கு இன்ஸ்டாகிராமை விடுபவர்களும் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ‘40 நாள் வரமாட்டேன்’ என்று அங்கேயே ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போவதுதான் கொஞ்சம் இடிக்கிறது. நோன்பு இருப்பது வெளியே தெரியாதபடி முகம் கழுவிக்கொள்ளச் சொல்கிறது மத்தேயு 6-ம் அதிகாரம்.

தயவுக்கும் உடம்பை வளைக்கும் ஒரு சடங்கு இருக்கிறது. பெரிய வியாழனன்று கால் கழுவுதல். மறைந்த போப் பிரான்சிஸ் 2013-ல் பொறுப்பேற்ற அதே மாதத்தில், ரோமில் உள்ள இளம் கைதிகளுக்கான சிறைக்குப் போய் 12 பேரின் கால்களை மண்டியிட்டுக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள்.

‘ஸ்தோத்திரம் பண்ணுங்க, சரியாகிடும்’

இங்கேதான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் ‘பொறுத்துக்கோம்மா, எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லு’ என்று சொல்வதும் இதே வார்த்தைகளை வைத்துத்தான். அவளுடைய பொறுமையைத் தன்னடக்கம் என்று பாராட்டிவிட்டு, அடித்தவனிடம் அந்தக் குணத்தை யாரும் கேட்பதே இல்லை. இச்சையடக்கம் முதலில் தேவைப்படுவது கை ஓங்குகிறவனுக்கு.

பைபிளும் அப்படி வாயை மூடச் சொல்லவில்லை. 150 சங்கீதங்களில் புலம்பல் வகைதான் அதிகம். ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கடவுளிடமே சண்டை போடும் பாடல்கள் அவை. பெரும்பாலானவை கடைசியில் எப்படியோ நன்றிக்குத் திரும்பிவிடும். 88-ம் சங்கீதம் மட்டும் திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் நீக்காமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவருக்கு இன்றைக்கு நன்றி வரவில்லை என்றால், அது விசுவாசக் குறைவு கிடையாது. வீட்டில் வன்முறை என்றால் ஜெபத்தோடு சேர்த்து அழைக்க வேண்டிய பெண்கள் உதவி எண் 181.