தலைக்கு ஏறும் ரத்தம்

ரத்த அழுத்தம் 140ஐத் தாண்டினால் மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்வார். 180ஐத் தொட்டால் வீட்டில் எல்லோருக்கும் கவலை வந்துவிடும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் வேல மரத்தின் உச்சிக் கொழுந்தை மேய்ந்துகொண்டு நிற்கும் வளர்ந்த ஒட்டகச்சிவிங்கிக்கு, இதயத்தின் அருகே அளந்தால் அழுத்தம் 200க்கும் மேலே இருக்கும். அந்த அழுத்தத்தோடுதான் அது ஓடுகிறது, குட்டி ஈனுகிறது, முதுமையும் அடைகிறது. நமக்கு நோயாக இருப்பது அதற்கு இயல்பு.

காரணம் அதன் உயரம். ஆண் ஒட்டகச்சிவிங்கி 5.5 மீட்டர் வரை வளரும். கழுத்து மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர். அந்தக் கழுத்திலும் நமக்கு இருப்பது போல ஏழே எலும்புகள்தான்; ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். இதயத்துக்கு இரண்டு மீட்டர் மேலே மூளை இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு ரத்தத்தை ஏற்றுவதற்கே சுமார் 150 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிவிடும். மாடி கூடக் கூட, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அதிகக் குதிரைத்திறன் உள்ள மோட்டார் வேண்டியிருக்கிறது அல்லவா? அதே கணக்குதான் இங்கும்.

அந்த மோட்டாரான இதயம் சுமார் 11 கிலோ எடை கொண்டது. உடலின் பருமனோடு ஒப்பிட்டால் இது பெரிய இதயம் அல்ல. அதன் பலம் இடது கீழறையின் சுவரில் இருக்கிறது. சுவர் மிகத் தடிப்பு, உள்ளறை சிறிது. குட்டியின் கழுத்து நீள நீள, இந்தச் சுவரும் கூடவே தடிக்கிறது. மனிதருக்கு உயர் ரத்த அழுத்தத்தால் இதயச் சுவர் தடித்தால் அது நார்போல இறுகி, நாளடைவில் இதயம் செயலிழக்கும். ஒட்டகச்சிவிங்கிக்கு அப்படி ஆவதில்லை. அதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தவர்கள், ‘எஃப்ஜிஎஃப்ஆர்எல்1’ என்னும் மரபணுவில் தனித்துவமான மாற்றங்களைக் கண்டார்கள். 2021இல் வெளியான ஆய்வில் அந்த மாற்றங்களை எலிகளுக்குள் புகுத்தினார்கள். பிறகு அழுத்தத்தை உயர்த்தும் மருந்தைச் செலுத்தியபோது, சாதாரண எலிகளுக்கு ஏற்பட்ட பாதிப்பு இந்த எலிகளின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்படவில்லை. மனித இதய நோயைத் தீர்க்க ஒரு வழி அங்கிருந்து திறக்கலாம்.

மேலே ஏற்றுவது பாதி வேலைதான். இதயத்துக்குக் கீழே இன்னும் இரண்டு மீட்டர் உயரக் கால்கள் இருக்கின்றன. ரத்தத்தின் பாரம் முழுவதும் அங்கே இறங்கி அழுத்தும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு மாலையில் கால் வீங்குவதற்குக் காரணம், இதைவிட மிகக் குறைவான பாரம். ஒட்டகச்சிவிங்கியின் கால் வீங்குவதில்லை. தோலும் அதன் கீழுள்ள நார்ப்படலமும் காலை இறுக்கிப் பிடித்து, நீர் வெளியே கசிய விடாமல் தடுக்கின்றன. போர் விமானிகளின் காலிலும் வயிற்றிலும் ரத்தம் தேங்காமலிருக்க அணிவிக்கும் அழுத்த உடை செய்யும் வேலையை, இங்கே பிறவித்தோலே செய்துவிடுகிறது.

தண்ணீர் குடிப்பது இன்னொரு சோதனை. முன்னங்கால்களை அகல விரித்துத் தலையை நிலம் வரை தாழ்த்த வேண்டும். இதயத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்த மூளை, சில நொடிகளில் இதயத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. மூளையின் அடிப்புறத்தில் உள்ள மெல்லிய தமனிகளின் வலைப்பின்னல் கீழ்நோக்கிப் பாயும் ரத்தத்தின் வேகத்தைத் தணிக்கிறது. தலை தாழ்ந்திருக்கும்போது கழுத்தின் பெரிய சிரைகளில் ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் தேங்கிக்கொள்கிறது. அதனால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, அழுத்தமும் இறங்குகிறது. தலை நிமிர்ந்ததும் தேங்கிய ரத்தம் இதயத்துக்கு விரைய, அழுத்தம் பழைய நிலைக்கு ஏறுகிறது. இதனால்தான் சட்டென்று நிமிர்ந்தாலும் அது மயங்கி விழுவதில்லை.

இவ்வளவு பாடுபட்டு ஏன் இந்தக் கழுத்து? உச்சி இலைக்காக எட்டி எட்டியே கழுத்து நீண்டது என்று 1809இல் லமார்க் எழுதினார். நீண்ட கழுத்தோடு பிறந்தவை பஞ்ச காலத்திலும் பிழைத்தன என்றது டார்வினின் வழி. 1996இல் இரு ஆய்வாளர்கள் வேறொரு காரணம் சொன்னார்கள். ஆண்கள் கழுத்தை வீசித் தலையால் எதிரியை ஓங்கி அடித்துச் சண்டையிடுகின்றன; வென்றவனே பெண்ணோடு சேர்கிறான்; ஆகவே சண்டைக்காகவே கழுத்து நீண்டது என்றார்கள். ஆனால் சண்டையிடாத பெண்ணுக்கும் நீண்ட கழுத்து இருக்கிறதே! 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு உணவுக் காரணத்துக்கு வலு சேர்த்தது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பகுதியில், குள்ளமான மான்கள் நெருங்க முடியாதபடி சில மரங்களைச் சுற்றி வேலி போட்டுப் பார்த்தார்கள். சிறிய விலங்குகள் தாழ்ந்த கிளைகளைக் கொறித்துவிடுவதால்தான், ஒட்டகச்சிவிங்கிக்கு உயரத்தில் ஒரு வாய்க்குக் கூடுதல் இலை கிடைக்கிறது என்று தெரிந்தது. போட்டியில்லாத பந்தி மேலே இருக்கிறது. அங்கே 45 சென்டிமீட்டர் நீளக் கருநீல நாக்கு, முட்களுக்கு நடுவே புகுந்து இலையை உருவி எடுக்கிறது.

இந்தக் குடும்பத்தில் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொள்ளவில்லை. காங்கோ காட்டின் ஒகாப்பி குட்டைக் கழுத்துக்காரன். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த புதைபடிவத்துக்கு, சிவனின் பெயரால் சிவதீரியம் என்று 19ஆம் நூற்றாண்டில் பெயரிட்டார்கள். பருத்த உடலும் குட்டைக் கழுத்தும் கொண்ட அதுவும் ஒட்டகச்சிவிங்கியின் உறவுதான்.

உயரம் அதன் வாழ்க்கை முறையையும் தீர்மானிக்கிறது. படுத்தால் எழுந்திருக்க நேரமாகும். அதற்குள் சிங்கம் பாயலாம். ஆகவே இரவில் சிறு சிறு துண்டுகளாகவே உறங்கும். ஆழ்ந்த உறக்கத்தில் கழுத்தைப் பின்னால் வளைத்துத் தலையைத் தன் இடுப்பின் மீதே சாய்த்துக்கொள்ளும். 15 மாதக் கர்ப்பத்துக்குப் பின் தாய் நின்றுகொண்டே ஈனுகிறது. குட்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கிறது. தாய்மார்கள் பல குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து வைத்து வளர்ப்பதும் உண்டு.

இத்தனை நுட்பமாக அமைந்த உயிரை நாம் வேகமாக இழந்துவருகிறோம். 1985இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தவை, 2015இல் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. காடு விளைநிலமானது, திருட்டு வேட்டை, உள்நாட்டுப் போர் ஆகியவை காரணங்கள். 2016இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக அறிவித்தது. 2025இல், ஒட்டகச்சிவிங்கி ஓர் இனம் அல்ல, நான்கு தனி இனங்கள் என்று அதே ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கையும் நாம் நினைத்ததைவிடக் குறைவு என்பதே இதன் பொருள்.

வழி இல்லாமல் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் 1996இல் 49 ஒட்டகச்சிவிங்கிகளே மிஞ்சியிருந்தன. அரசு வேட்டையைத் தடுத்தது. கிராமத்து விவசாயிகள் தங்கள் வயல்களுக்கு இடையே அவற்றை நடமாட விட்டார்கள். இன்று அங்கே 600க்கும் மேல் இருக்கின்றன. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றால் இதைச் செய்ய முடிந்திருக்கிறது. மற்ற நாடுகள் சாக்குச் சொல்ல இடமில்லை.