இலக்குக் காவலரின் பொறுமை

காற்பந்தாட்டத்தில் பதினொருவருள் ஒருவரது தொழில் ஏனைப் பதின்மரின் தொழிலினின்றும் முற்றிலும் வேறானது. முன்னணியில் நின்று ஆடுவோன் பத்துமுறை குறி தவறினும், பதினோராம் முறை பந்தை இலக்கினுள் செலுத்திவிட்டால் முன்னைய தவறுகள் மறக்கப்படும். இலக்கைக் காப்போனுக்கோ அச்சலுகை இல்லை. தொண்ணூறு நிமிஷம் குற்றமறக் காத்து ஒரு கணம் பிழைத்தால், அப்பிழை ஒன்றே பேசப்படும். ஆதலின் கைவன்மையோடு பொறுமையும் அவனுக்கு இன்றியமையாதது. அப்பொறுமை இன்னதென்பதை இத்தாலி தேசத்து டீனோ ஜோஃப் அவர்களின் வாழ்க்கையினின்று நாம் நன்கு அறியலாம்.

ஜோஃப், 1942ஆம் வருஷம் பிப்ரவரி 28ஆம் நாள், வடகிழக்கு இத்தாலியில் ஃபிரியூலிப் பகுதியிலுள்ள மரியானோ என்னும் சிற்றூரில் குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். பதினான்காம் பிராயத்தில் யுவென்டஸ், இன்டர் என்னும் இரு பெருஞ் சங்கங்களும் உயரம் போதாதென்று அவரைத் தள்ளிவிட்டன. நாள்தோறும் எட்டு முட்டை உண்ணுமாறு பாட்டியார் விதித்தாராம். பையனும் வளர்ந்தார், மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலையும் பயின்றார். 1961இல் உதினேசே சங்கத்துக்காக முதன்மைப் பிரிவில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஐந்து முறை பந்து அவரைக் கடந்து சென்றது. அவ்வாண்டு அச்சங்கமும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று.

அதன்பின் மாந்துவாவில் நான்கு ஆண்டும், நேப்பிள்ஸில் ஐந்து ஆண்டும் உழைத்தார். 1968இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இத்தாலியக் குழுவின் இலக்கைக் காத்தவர் அவரே. எனினும் 1970இன் உலகக் கோப்பைப் போட்டியில் அவ்விடம் அல்பெர்தோசிக்குக் கொடுக்கப்பட்டது. ஜோஃப் வெளியே அமர்ந்திருந்தார். முன்பு தம்மைத் தள்ளிய யுவென்டஸில் அவர் சேர்ந்தது 1972இல், தமது முப்பதாம் பிராயத்தில். அங்கே பதினொரு பருவங்களில் 330 லீக் ஆட்டங்கள், ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து ஆடினார். ஆறுமுறை தேசிய வெற்றிப் பட்டம் கிடைத்தது. 1972 முதல் 1974 வரை சர்வதேச ஆட்டங்களில் 1142 நிமிஷம் எவரும் அவரை வெல்லவில்லை. ஹெயிட்டி நாட்டு சனோன் அவ்வரணை உடைத்தார்.

அவர் ஆடிய முறை யாது? பார்ப்போர் வியக்கப் பாய்ந்து விழுவதை அவர் விரும்பினாரில்லை. பந்து வருந் திசையை முன்னறிந்து இரண்டடி நகர்ந்து நின்றால், உதைப்போனுக்குத் தெரியும் இடைவெளி சுருங்கும், பாய்தலும் வேண்டாததாகும். இஃது எளிதாகத் தோன்றுவதால் கைதட்டல் பெறாது.

1978இன் உலகக் கோப்பையில், தொலைவினின்று உதைக்கப்பட்ட சில பந்துகள் அவரைத் தாண்டின. கண் மங்கிற்றென்றும், விலகவேண்டுமென்றும் பலர் கூறினர். அவர் விலகவில்லை. 1982இல் ஸ்பெயினில் குழுவின் தலைவராய் வந்தார். முதல் மூன்று ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றி முடியவே, நிந்தை பெருகிற்று. ஆட்டக்காரர் பத்திரிகையாளரோடு பேச மறுத்தனர். இயல்பாகவே சில சொல்லுடைய ஜோஃப் ஒருவரே எல்லார்க்குமாகப் பேசலானார். ஜூலை 5ஆம் நாள் பார்சிலோனாவில் பிரேசிலுக்கெதிரே 3-2 என்றிருந்த இறுதி நிமிஷங்களில், ஆஸ்கார் தலையால் முட்டிய பந்தைக் கோட்டின்மீதே பற்றி அசையாது கிடந்தார். அப்பந்து நழுவியிருந்தால் இத்தாலி அன்றே வீடு திரும்பியிருக்கும். ஜூலை 11ஆம் நாள் மாட்ரிட்டில் மேற்கு ஜெர்மனியை 3-1 என வென்று, நாற்பது வயதில் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். பொறுத்தார் பூமியாள்வார் என்னும் பழமொழி மெய்யாயிற்று.

ஆயினும் பொறுமை எல்லாவற்றையும் தந்துவிடும் என்று நாம் சொல்லத் துணியோம். ஐரோப்பியச் சங்கங்களின் தலைமைக் கோப்பைக்கான இறுதியாட்டத்தில் 1973இலும் 1983இலும் அவர் தோற்றார்; அக்கோப்பை பெறாமலே ஓய்வு கொண்டார். பலனுக்கு உறுதி கூறுவது பொறுமையின் தொழிலன்று. பலன் வரும் வேளையில் நம்மை ஆயத்தமாய் நிற்கச் செய்வதே அதன் தொழில். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் புத்தகத்தை மூடிவிட எண்ணும் மாணவ நண்பர், முதல் நாளில் ஐந்து முறை தோற்ற அவ்விளைஞரை நினைவிற் கொள்வாராக.