புகளூர் லைன் டிரிப் ஆனால்?

கரூர் பக்கத்துப் புகளூருக்கு, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட் டிசி லைன் வருகிறது. கொள்ளளவு 6000 மெகாவாட். முழுச் சுமையில் அது சட்டென்று நின்றால்?

6000 மெகாவாட் உற்பத்தியே போயிடுச்சுன்னு தோணும். இல்லை, ராய்கர் பக்கத்து ஜெனரேட்டர்கள் சுத்திக்கிட்டேதான் இருக்கும். போனது பாதை மட்டும். அவினாசி ரோட்டை அடைத்தால் வண்டியெல்லாம் திருச்சி ரோட்டுக்குப் போற மாதிரி, மின்சாரம் மற்ற ஏசி லைன்களில் பாயும்.

சிக்கல் அங்கேதான். ஏசி லைன் கூடுதலாகச் சுமக்க, இரு முனைக்கும் இடையே கோண வித்தியாசம் கூட வேண்டும். வடக்கே ரோட்டர்கள் முந்தும், இங்கே பிந்தும். 90 டிகிரிக்கு மேல் கோணம் கூடக்கூட, லைன் கடத்துவது குறையும். ஊஞ்சல் எல்லை தாண்டாமல் திரும்புமா? ஸ்டெபிலிட்டி கணிப்பு கேட்பது இதைத்தான். விடை சில வினாடிகளில் தெரிந்துவிடும். ஆள் யோசித்து ஸ்விட்ச் போட நேரமில்லை. அதனால் ஒவ்வொரு லைனையும் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் அறுத்துப் பார்க்கிறார்கள். தேவையானால் சில ஃபீடர்களைத் தானாகவே வெட்டி, மீதி கிரிட்டைக் காப்பாற்றலாம்.

2012 ஜூலை 31-ல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்கள் விழுந்தன. தெற்கு தப்பியது, காரணம் அப்போது நமக்கு டிசி இணைப்புதான். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் ஏசி லைன் வந்தது. இப்போ அங்கே ஆடினால் இங்கேயும் ஆடும். இருந்தாலும், இந்த இணைப்பு வேண்டும் என்றே சொல்வேன்.