சாமுராய் சிரிக்க வைக்கிறார்!

எம்.ஜி.ஆரும் நம்பியாரும் வாள் வீசும் படம் என்றால், தோட்டத்துத் திடலில் பாய் விரித்து உட்கார்ந்து விசிலடித்துப் பார்த்தவர்கள்தாமே நாம்? ஆனால் வாளேந்திய ஜப்பானியரைப் பார்த்து உங்களால் சிரிக்க முடியுமா? சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் ஒருநாள் இந்தக் கேள்வி எழுந்தது.

பிள்ளைகள் போட்ட படம் 'சஞ்சூரோ'. அகிரா குரோசவா இயக்கி 1962-இல் வெளிவந்தது. சாமுராய் என்போர் பழைய ஜப்பானின் போர்வீரர்கள். மேலிடத்து ஊழலை ஒழிக்கப் புறப்படுகிறார்கள் ஒன்பது இளம் சாமுராய்கள். ஆவேசம் நிறைய, புத்திதான் குறைவு! அவர்களைக் காப்பாற்ற வருகிறான் அழுக்கு உடையணிந்த நாடோடி வீரன் ஒருவன். நடித்தவர் தொஷிரோ மிஃபுனே. பெயரைக் கேட்டால், வெளியே பூத்திருக்கும் கமேலியாவைப் பார்த்து அதையே தன் பெயராகச் சொல்கிறான். (நம் தேயிலைச் செடிக்கு உறவுதான் இந்தப் பூ.) வயது முப்பது என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு, நாற்பது நெருங்கிவிட்டதாகவும் ஒப்புக்கொள்கிறான்!

"ஜப்பான்காரன் படமா?" என்று என் மாமியார் எழுந்துவிட்டார். காரணம் எங்களுக்குத் தெரியும். 1942-இல் அவருக்கு 7 வயது. ஜொகூரில் ரப்பர்த் தோட்டம். அடுத்த ஆண்டு அவருடைய அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். போன பல்லாயிரம் தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவேயில்லை என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். அவரும் திரும்பவில்லை.

ஜப்பானியப் படங்கள் இங்கே புதியவை அல்ல. எங்கள் வீட்டிலிருந்து சிலிகி சாலை வழியே நடந்தால் வரும் கேத்தே கட்டடத்தில், ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர்கள் தங்கள் படங்களைத் திரையிட்டார்கள். 1943 அக்டோபர் 21-இல் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்ததும் அதே அரங்கில்தான். அவருடைய படையில் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தப் படையைப் பற்றிப் படமெடுக்கவென்றே அதே ஆண்டு சிங்கப்பூர் வந்தார் புகழ்பெற்ற இயக்குநர் யசுஜிரோ ஓசு. படம் முடியவேயில்லை. பறிமுதல் செய்யப்பட்ட அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பொழுதைக் கழித்தாராம்!

சரி, நம் படத்துக்கு வருவோம். வாசற்படி வரை போன மாமியாரை நிறுத்தியது ஒரு கைதி. எதிரி ஆள், அலமாரிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். இளைஞர்கள் குழம்பி வாதாடும்போதெல்லாம் கதவைத் திறந்துகொண்டு வந்து, நியாயமான யோசனை ஒன்று சொல்லிவிட்டு, தானாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்! மாமியார் சிரித்துவிட்டார். அப்படியே உட்கார்ந்தும்விட்டார்.

எதிரிகளிடமிருந்து தப்பும் வயதான அம்மையாருக்குச் சுவர் ஏற முடியவில்லை. அந்த மகா வீரன் குனிந்து முதுகைப் படியாகக் கொடுக்க வேண்டியதாயிற்று! அவனைப் பார்த்து அந்த அம்மாள், நீ உறையில்லாத வாள் மாதிரி இருக்கிறாய், நல்ல வாள் உறைக்குள் இருக்கும் என்று சிரித்த முகத்தோடு சொல்கிறார். பேத்திக்கு அவரைத்தான் பிடித்தது. '23-ஆம் புலிகேசி'யை நூறு முறை பார்த்த பேரனுக்கோ சண்டை போதவில்லை.

அவன் குறை கடைசியில் தீர்ந்தது. இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். பேச்சில்லை, அசைவில்லை. ஒரே வீச்சு! ரத்தம் ஊற்றாகப் பீறிடுகிறது. "சூப்பர்!" என்று பேரன் கத்தினான். திரையில் அந்த இளைஞர்களும் "அபாரம்" என்கிறார்கள். உடனே சஞ்சூரோ திரும்பி அவர்களை முட்டாள்கள் என்று சீறுகிறான். செத்தவனும் தன்னைப் போல உறையில்லாத வாள்தான், அந்த அம்மாள் சொன்னதே சரி என்கிறான். திட்டு தனக்கே விழுந்தது போலப் பேரன் வாயை மூடிக்கொண்டான்.

மாமியார் அந்த இடத்தில் திரையைப் பார்க்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். படம் எப்படி என்று நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, பசியாறும்போது அவரே பேரனைக் கூப்பிட்டார். "டேய், அந்த அலமாரிக்காரனை மட்டும் இன்னொரு தடவை போடு."