தீயணைக்கப் பிறந்த எஞ்சின்

பந்தய மோட்டாரின் இருதயம் தீயணைக்கும் பம்பிலிருந்து வந்தது என்றால் நேயர்கள் நம்மைச் சந்தேகக் கண்ணுடன் பார்க்கக்கூடும். ஆயினும் விஷயம் உண்மை. இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின்னர், ஆட்கள் தூக்கிச் செல்லக்கூடிய இலேசான பம்பு ஒன்று பிரிட்டிஷ் சர்க்காருக்குத் தேவைப்பட்டது. முன்னதைவிட இரு மடங்கு ஜலம் இறைக்க வேண்டும். எடையோ பாதிதான் இருக்கலாம். கவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனியின் நிபுணர்களான வால்டர் ஹாஸனும் ஹாரி மண்டியும் 1950-ஐ ஒட்டி அதற்காக அலுமினிய எஞ்சின் ஒன்றை அமைத்தனர். 'இறகெடை' என்பதே அதற்கிட்ட பெயரின் பொருள்.

இலேசான எஞ்சினைக் கண்டால் பந்தயக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1954-ல் 1,098 கன சென்டிமீட்டர் கொண்ட மோட்டார் எஞ்சினாக அது உருமாறியது. 1957-ல் லண்டன் கண்காட்சியில் காலின் சாப்மன் காட்டிய லோட்டஸ் எலீட் வண்டிக்காக 1,216 ஆக வளர்ந்தது. கண்ணாடி நாரினால் ஆன அவ்வண்டியின் எடை சுமார் 500 கிலோதான். பிரான்ஸின் லெ மான் நகரில் இருபத்துநான்கு மணி நேரம் இடைவிடாது நடக்கும் பந்தயத்தில் அது ஆறு முறை தன் பிரிவில் முதன்மை பெற்றது. அத்தகைய எஞ்சினை நம்பத்தகாதது என்று எவர் சொல்வர்?

சொன்னவர்கள் உண்டு. எண்ணெயை அதிகமாகக் குடிக்கிறது என்பது சொந்தக்காரர்களின் நெடுநாளைய புகார். இது அதன் பிறவிக் குணம் என்றே நாம் கருதுகிறோம். தீ பிடித்த இடத்தில் எஞ்சின் சூடேறும்வரை யார் காத்திருப்பார்கள்? குளிர்ந்த நிலையிலேயே முழு வேகத்தில் ஓட வேண்டுமானால், சூட்டினால் விரியும் பிஸ்டனுக்குத் தாராளமாக இடம் விட்டாக வேண்டும். அந்த இடைவெளி வழியே எண்ணெய் மேலேறி எரிந்து போகிறது. ஆகவே எண்ணெய் மட்டத்தை அடிக்கடி பார்ப்பதே புத்திசாலித்தனம். கம்பெனியை வைது பயனில்லை.

வால்வுகளின் சங்கதி வேறு. சாதாரண எஞ்சினில் ஒரு திருகைத் திருப்பினால் வால்வின் இடைவெளி சரியாகிவிடும். இதிலோ ஒவ்வொரு வால்வின் மேலும் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. எட்டு இடைவெளிகளையும் அளந்து குறித்துக்கொண்டு, கேம் ஷாப்டைக் கழற்றி, தக்க கனமுள்ள தகடுகளைப் பொறுக்கி வைத்து, மீண்டும் பூட்டி அளக்க வேண்டும். பொறுமையற்றவன் தொடத்தக்க வேலையன்று. ஆனால் ஒரு முறை செவ்வையாகச் செய்துவிட்டால் அது எளிதில் பிசகாது.

ரேடியேட்டரில் வெறும் ஜலத்தை ஊற்றுவதுதான் பெரும் பாவம். அலுமினியம் உள்ளுக்குள் அரிக்கப்படும், அந்தக் கசடு குழாய்களை அடைக்கும், எஞ்சின் கொதிக்கும், மேல்மூடி வளைந்து கேஸ்கட் போய்விடும். அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த ஜலத்திற்கு ஆகும் செலவோ அற்பம்.

1963-ல் கிளைமாக்ஸ் கம்பெனியை ஜாகுவார் வாங்கிக் கொண்டது. அதே ஆண்டில், அதே எஞ்சின் குடும்பத்தின் வாரிசு ஒன்று ஹில்மன் இம்ப் என்னும் சிறு காரில் ஏறிச் சாமானியர் வீடுகளுக்கு வந்தது. இரும்பு எஞ்சின்களிலேயே பழகியிருந்த தெருக்கோடிப் பட்டறைகளுக்கு இதன் பக்குவம் தெரியவில்லை. கொதித்த எஞ்சின்களும் போன கேஸ்கட்டுகளுமாக அந்தக் காருக்குக் கெட்ட பெயர் ஏற்பட்டது. பந்தயக்காரர்களோ அதே இம்ப் எஞ்சினைப் பல்லாண்டுகள் விரட்டு விரட்டென்று விரட்டிப் பரிசுகள் வாங்கிக் கொண்டிருந்தார்கள்.